கோடையும் கொல்லைத் தோட்டமும்

சேலம் நகருக்குத் தென்மேற்கே, திருச்செங்கோட்டு வட்டத்தில் அமைந்துள்ளது மல்லசமுத்திரம் என்னும் ஊர். முன்பு சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 1997 ஆம் ஆண்டில் நாமக்கல் மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அம்மாவட்டத்தில் சேர்ந்தது. 'சமுத்திரம்' என முடியும் ஊர்ப்பெயர்கள் தமிழகத்தில் பல உள. அவற்றுள் பெரும்பாலானவை ஏரியைச் சார்ந்து எழுந்த ஊர்களின் பெயர்களாகும். ஏரியைக் கடலென்று போற்றி அழைத்த முன்னோர், நீரின் அருமையை நன்கு உணர்ந்தவர் என்பதில் ஐயமில்லை.

இவ்வூரைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் செம்மண் நிலம். பருத்தியும் நிலக்கடலையும் சோளமும் மரவள்ளியும் இங்கே விளைகின்றன. கிணற்று நீர் பாயும் நிலத்தைத் 'தோட்டம்' என்றும், மழையை நம்பிய நிலத்தைக் 'காடு' என்றும் கொங்கு நாட்டு மக்கள் வழங்குவர். வீட்டின் பின்புறத்தில் உள்ள சிறு நிலத்திற்குப் 'பொடக்காலி' என்று பெயர். பாத்திரம் துலக்குவதும், துணி துவைப்பதும், ஆடு கட்டுவதும் அங்கேதான். அச்சிறு நிலத்தில் நான்கு அவரைக் கொடியும், இரண்டு கத்தரிச் செடியும், ஒரு முருங்கை மரமும் இல்லாத வீடு முற்காலத்தில் அரிதாக இருந்தது.

மழைக்காலத்தில் இத்தகைய தோட்டத்தை வளர்ப்பது எளிது. கோடையில் அதனைக் காப்பதே அரிது. கிணற்றில் நீர் குறையும் காலத்தில், குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நீரைச் செடிக்கு ஊற்றலாமா என்னும் கேள்வி எழுகின்றது. காய்கறியின் விலை ஏறுவதும் பெரும்பாலும் அக்காலத்திலேயே. தோட்டம் மிகவும் தேவைப்படும் காலமும், அதனை வளர்ப்பது மிகவும் கடினமாகும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. இவ்விடர்ப்பாட்டை வெல்லும் வழிகளை அறிந்து கொள்ளுதல் ஒவ்வொரு குடும்பத்திற்கும் பயன் தரும்.

தோட்டத்தின் தேவை

ஒருவர் நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ணுதல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐவர் உள்ள குடும்பத்திற்கு இக்கணக்குப்படி ஒரு நாளைக்கு 2 கிலோ தேவைப்படும். இவ்வளவையும் நாள்தோறும் விலைகொடுத்து வாங்குவது எளிய குடும்பங்களுக்கு இயலாத செயல். அதனால் சோறும் குழம்பும் மட்டுமே உணவாகிவிடுகின்றன. கீரையும் காயும் குறைந்தால் இரும்புச் சத்தும் உயிர்ச்சத்துக்களும் குறைகின்றன. குழந்தைகள் சோர்வுற்று, நிறம் வெளுத்து, நோய்க்கு எளிதில் ஆட்படுகின்றனர்.

உணவு முடை நேர்ந்த காலங்களில் வீட்டுத் தோட்டம் மக்களைத் தாங்கியதற்கு வரலாற்றில் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அந்நாட்டு மக்கள் உண்ட காய்கறிகளில் பெரும்பங்கு அத்தோட்டங்களில் விளைந்தது. இங்கிலாந்து நாட்டிலும் புல்வெளிகளும் பூங்காக்களும் காய்கறிப் பாத்திகளாக மாறின. இந்தியாவிலும் 1942 ஆம் ஆண்டளவில் அதிக உணவு உற்பத்தி இயக்கம் தொடங்கப்பெற்றது.

கோடையின் இயல்பு

கோடை என்றவுடன் வெயில் ஒன்றே நினைவுக்கு வரும். ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியின் கோடைக்கு மூன்று முகங்கள் உண்டு. முதலாவது, மாசி இறுதியிலிருந்து ஏறும் வறண்ட வெப்பம். இரண்டாவது, சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் வேளையில் திடீரென எழும் காற்றும் இடியும் மழையும். சில ஆண்டுகளில் ஆலங்கட்டியும் விழும். மூன்றாவது, மழை பெய்த மறுநாளே மீண்டும் அடிக்கும் கடும் வெயிலும் புழுக்கமும். மே மாதம் 4 ஆம் நாள் அளவில் தொடங்கி 28 ஆம் நாள் அளவில் முடியும் அக்கினி நட்சத்திரக் காலத்தில் இம்மூன்றையும் ஒரே வாரத்தில் காணலாகும்.

2024 ஆம் ஆண்டுக் கோடை இதற்குச் சிறந்த சான்று. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியிலும் மே முதல் வாரத்திலும் சேலம், ஈரோடு பகுதிகளில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்தது. மக்கள் பகலில் வெளியே செல்ல அஞ்சினர். மே மாத நடுவிலோ, தமிழகத்தின் பல பகுதிகளில் கோடை மழை கொட்டியது. வெயிலில் வாடிய செடிகள் சில நாட்களில் நீரில் நிற்க நேர்ந்தது.

வெப்பம் மட்டும் நிலையாக இருப்பின் செடி ஓரளவு அதற்குத் தன்னைப் பழக்கிக் கொள்ளும். மழை மட்டும் நிலையாக இருப்பினும் அவ்வாறே. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் திடீரென மாறுவதுதான் செடிக்குப் பெருந்தீங்கு விளைப்பது. ஆதலின், கோடைத் தோட்டக்காரரின் கலை யாதெனின், வானத்தில் நிகழும் மாற்றத்தை வேரின் அருகே குறைத்துக் கொடுப்பதாகும். மேலே வெயிலும் மழையும் மாறி மாறி வரட்டும். மண்ணுக்குள் ஈரமும் குளிர்ச்சியும் ஒரே அளவில் இருத்தல் வேண்டும்.

செடியின் உடலில் நிகழ்வன

மனிதர் வியர்வையால் உடல் வெப்பத்தைத் தணிப்பது போலவே, செடியும் இலைகளில் உள்ள நுண்துளைகளின் வழியே நீரை ஆவியாக வெளியிட்டுத் தன்னைக் குளிர்வித்துக் கொள்கின்றது. இதனை நீராவிப்போக்கு என்பர். வேர் எடுக்கும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகுந்தால் இலை தொங்கிவிடும். நண்பகலில் பூசணி இலை துவண்டு தொங்குவதைக் கண்டு அஞ்சி, உடனே குடம் குடமாக நீர் ஊற்றுவோர் உளர். மாலையில் அவ்விலை தானே நிமிர்ந்துவிடுமாயின், மண்ணில் ஈரம் போதிய அளவில் உள்ளது என்பதே பொருள். காலையிலும் இலை தொங்கியிருப்பின் மட்டுமே செடிக்கு உண்மையான நீர்த்தாகம் உண்டு. மண்ணில் இரண்டு அங்குல ஆழம் விரலை விட்டுப் பார்ப்பதே ஐயம் நீக்கும் எளிய சோதனை.

ஈரம் ஒரு நாள் மிகுந்தும் ஒரு நாள் குறைந்தும் வருமாயின், அதன் தீமையைத் தக்காளி தெளிவாகக் காட்டும். வறட்சியில் தக்காளியின் தோல் தடித்து இறுகுகின்றது. அப்பொழுது திடீரென மழை பெய்தால் வேர் நீரை மிகுதியாக உறிஞ்ச, உள்ளே இருக்கும் சதை விரைந்து பருக்கின்றது. இறுகிய தோல் அவ்விரைவிற்கு ஈடுகொடுக்க மாட்டாமல் வெடிக்கின்றது. மற்றொரு குறை, காயின் அடிப்பகுதி கறுத்துத் தோல்போல் ஆகிவிடுதல். இதனை நோயென்று எண்ணி மருந்து தெளிப்பவர் பலர். சுண்ணாம்புச் சத்து நீரோடு கலந்தே காயைச் சென்றடையும். நீரோட்டம் தடைப்படும்பொழுது அச்சத்தும் காய்க்குக் கிட்டாது போகின்றது. பல நேரங்களில் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் இக்குறை தோன்றுவது இதனால்தான். சீராக நீர் பாய்ச்சுவதே இதற்கு உரிய மருந்து.

வெப்பம் பூவையும் தாக்கும். பகல் வெப்பம் 35 பாகைக்கு மேலும், இரவு வெப்பம் ஏறத்தாழ 25 பாகைக்கு மேலும் நீடித்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும். பூக்கள் காயாமல் உதிரும். கொடிக் காய்களில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும். மிகுந்த வெப்பத்தில் ஆண் பூக்கள் பெருகிப் பெண் பூக்கள் குறையும். "கொடி நிறையப் பூ இருந்தும் பிஞ்சு இல்லையே" என்று கோடையில் பலர் கூறும் முறையீட்டிற்கு இதுவே காரணம். வெப்பம் தணிந்ததும் பெண் பூக்கள் மீண்டும் தோன்றும். அதுவரை கொடியைப் பிடுங்காமல் காத்தல் வேண்டும்.

பயிரைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு பயிர் எந்நாட்டில் தோன்றியது என்பதை அறிந்தால், கோடையை அது தாங்குமா என்பதை ஓரளவு உய்த்துணரலாம். தக்காளியின் முன்னோர் தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ஆண்டிசு மலைத்தொடரை அடுத்து வளர்ந்தவை. குளிர்ந்த இரவு அதற்கு உகந்தது. வெண்டை ஆப்பிரிக்காவோடு தொடர்புடையதாகக் கருதப்படுவது. கத்தரி, புடல், பீர்க்கு ஆகியவை இந்தியாவும் அதனை அடுத்த வெப்ப நாடுகளும் வளர்த்தெடுத்தவை. இவை கோடையை நன்கு தாங்கும். கொத்தவரை வறட்சிக்குப் பெயர் பெற்றது. தண்டுக்கீரையும் சிறுகீரையும் வெயிலில் விரைந்து வளர்வன. சிறுகீரையை விதைத்த 25 நாட்களில் பறிக்கலாம்.

ஆதலின், சித்திரை, வைகாசியில் சமையலறையை நடத்த வேண்டிய பொறுப்பை வெண்டை, கொத்தவரை, கீரை, கொடிக் காய்கள் ஆகியவற்றிடம் ஒப்படைத்தல் அறிவுடைமை. தக்காளியைத் தைப்பட்டத்திலேயே நட்டு, கடும் வெயில் தொடங்குமுன் பெரும்பகுதி காயைப் பறித்துவிடல் வேண்டும்.

முருங்கை கோடையின் உற்ற தோழன். 1989 ஆம் ஆண்டில் பெரியகுளத்திலிருந்து வெளியிடப்பெற்ற பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை, விதைத்த ஏறத்தாழ 6 மாதங்களில் காய்க்கத் தொடங்கும். காய் இல்லாத நாட்களிலும் அதன் கீரை உணவாகும். வீட்டின் மேற்குப்புறத்தில் ஒரு முருங்கையும் ஓர் அகத்தியும் இருப்பின், பிற்பகல் வெயிலுக்கு அவை திரையாகவும் அமையும்.

நீர்க்கணக்கு

தோட்டத்திற்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதைக் கணக்கிட்டு அறிதல் இயலும். நிலத்தின்மீது 1 மில்லிமீட்டர் உயரம் நீர் நின்றால், ஒரு சதுர மீட்டருக்கு அது 1 லிட்டர் ஆகும். கோடையின் உச்சத்தில் மண்ணும் செடியும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர் நீரை ஆவியாக இழக்கும். ஆகவே ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாள்தோறும் 5 முதல் 6 லிட்டர் நீர் வேண்டும்.

ஐவர் குடும்பத்திற்குக் காய்கறி விளைவிக்க ஏறத்தாழ 5 சென்ட், அதாவது 200 சதுர மீட்டர் நிலம் போதும் என்பர். அந்நிலம் முழுவதற்கும் கோடையில் நீர் பாய்ச்ச நாளொன்றுக்கு 1,000 லிட்டருக்கு மேல் தேவைப்படும். கருங்கல் பாறையைக் குடைந்து வெட்டிய கிணறுகள் வற்றும் காலத்தில் இவ்வளவு நீருக்கு வழியில்லை. எனவே கோடையில் தோட்டத்தைச் சுருக்குதல் வேண்டும். இம்முடிவை எடுக்க மனம் வராமல் நிலம் முழுவதையும் காக்க முயல்வோர், இறுதியில் எதையும் காக்க மாட்டாமல் வருந்துவர்.

எவ்வளவு சுருக்குவது என்பதையும் கணக்கே கூறும். ஒருவர் குளிக்க 20 லிட்டர் நீர் செலவிடுகின்றார் எனக் கொண்டால், ஐவர் குளித்த நீர் 100 லிட்டர் ஆகும். அந்நீரைக் கொண்டு 20 சதுர மீட்டர் பாத்தியை, அதாவது அரைச் சென்ட் நிலத்தைப் பசுமையாக வைத்திருக்கலாம். குடிநீரில் ஒரு துளியும் எடுக்காமல் ஒரு கீரைப் பாத்தியும், எட்டுப் பத்து வெண்டைச் செடிகளும், ஒரு பந்தல் கொடியும் பிழைக்கும். மேலும், அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் உண்டு.

குளித்த நீரைப் பயன்படுத்துவதில் சில எச்சரிக்கைகள் உள. துணி துவைத்த காரநீர் மண்ணைக் கெடுக்கும். அதனை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். காய்கறிப் பாத்திக்கு விடலாகாது. சவர்க்காரம் குறைந்த குளியல் நீரை வேரடியில் மட்டுமே ஊற்றுதல் வேண்டும்; இலைமேல் படுதல் கூடாது. அரிசி களைந்த தூய நீரைக் கீரைக்கு ஒதுக்குதல் நன்று. ஒரே பாத்திக்கு நாள்தோறும் குளியல் நீரையே விடாமல், இடையிடையே நல்ல நீரும் விட்டால் மண்ணில் உப்புத் தங்காது.

நீர் ஊற்றும் வேளையும் முதன்மையானது. விடியற்காலையில் ஊற்றிய நீர் பகல் முழுவதும் செடிக்கு உதவும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழமாக நனையும்படி ஊற்றுவது வளர்ந்த செடிகளுக்கு ஏற்றது. மேலீரத்தைத் தேடி வேர்கள் மேலேயே தங்கினால், ஒரு நாள் நீர் தவறினும் செடி வாடிவிடும். ஆழத்தில் ஈரம் இருப்பின் வேர் கீழிறங்கும். கீழிறங்கிய வேர் வெப்பத்திற்கு அஞ்சாது.

பானைப் பாசனமும் மூடாக்கும்

சிக்கனமான பாசன முறைகளுள் மிகப் பழமையானது பானைப் பாசனம். சீன நாட்டில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் செங்சி என்பவர் எழுதிய வேளாண் நூலிலேயே இம்முறை கூறப்பட்டுள்ளது. மெருகிடப்படாத மண்பானை ஒன்றைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைப்பர். பானையைச் சுற்றி மூன்று அல்லது நான்கு விதைகளை ஊன்றுவர். பானையின் சுவரில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே நீர் மெல்லக் கசியும். மண் உலர்ந்திருந்தால் கசிவு மிகும், நனைந்திருந்தால் குறையும். மண்ணின் தேவையை அறிந்து பானை தானே நீர் கொடுப்பது போன்றது இது. மேற்பரப்பு நனையாமையால் களையும் குறையும். 8 முதல் 10 லிட்டர் கொள்ளும் பானையை மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை நிரப்பினால் ஒரு பீர்க்கங்கொடி தழைக்கும்.

மண்ணை மூடி வைத்தல் மற்றொரு வழி. இதனை மூடாக்கு என்பர். நண்பகலில் திறந்து கிடக்கும் செம்மண்ணில் வெறுங்காலோடு நிற்க இயலாது. அவ்வெப்பம் மேல்வேர்களையும் வாட்டும். சருகு, கரும்புத் தோகை, நிலக்கடலைத் தோல், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றுள் எளிதில் கிடைப்பதை இரண்டு மூன்று அங்குலக் கனத்திற்குப் பரப்பினால் மண் குளிரும். ஈரம் நெடுநேரம் நிற்கும். இம்மூடாக்கு கோடை மழையின்போது மற்றொரு நன்மையும் செய்கின்றது. பெருந்துளிகள் வெறுமண்ணில் அறைந்தால் செம்மண்ணின் மேற்பரப்பு குழம்பி, காய்ந்தபின் ஓடுபோல் இறுகிவிடும். அதன்பின் காற்றும் நீரும் உட்புக மாட்டா; முளையும் மேலெழ மாட்டாது. மூடாக்கு அத்துளிகளின் வேகத்தைத் தாங்கிக் கொள்ளும். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரற்கடை இடைவெளி விடுதல் வேண்டும். இன்றேல் தண்டு அழுகும்.

நிழல் கொடுப்பதிலும் அளவு வேண்டும். நண்பகல் முதல் மூன்று மணி நேரம் தடுத்தால் போதும். நாள் முழுவதும் நிழல் விழுமாயின் செடி நெடுகி வளர்ந்து காய்க்காது. நாற்றுகளுக்குத் தென்னங்கீற்றையோ பனையோலையையோ மேற்கே சாய்த்து வைப்பது வழக்கம். நாமக்கல் மாவட்டத்தில் பரமத்திவேலூர்ப் பகுதியின் வெற்றிலைக் கொடிக்கால்களில், அகத்தியை நெருக்கமாக வளர்த்து அதன் நிழலிலும் தாங்கலிலும் வெற்றிலைக் கொடியை ஏற்றுவர். மென்மையான கொடியொன்றைக் கொங்குக் கோடையில் காக்கும் அவ்வறிவை வீட்டுத் தோட்டத்திலும் கையாளலாம்.

காற்றும் மழையும் வந்தபின்

கோடை மழை பெரும்பாலும் காற்றோடு வரும். பந்தற்கால் ஆழமாக ஊன்றப்படாவிடில், ஒரே காற்றில் ஒரு பருவத்து உழைப்பு சரிந்துவிடும். பங்குனிக்குள் பந்தலின் கட்டுகளைப் பார்த்து இறுக்குதலும், கத்தரி, மிளகாய்ச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டுதலும் வேண்டும்.

மழை ஓய்ந்ததும் முதலில் பாத்தியில் தேங்கிய நீரை வடித்துவிடுக. நீரில் மூழ்கிய வேருக்கு மூச்சுக் காற்று கிட்டாது. ஆயினும் ஈரப் பாத்திக்குள் கால் வைத்தலாகாது. மிதிபட்ட மண் இறுகிவிடும். ஒருநாள் கழித்து மண் சற்று உலர்ந்தபின் மேலோட்டை மெல்லக் கொத்தி உடைத்து, வெளியே தெரியும் வேர்களுக்கு மண் அணைத்து, ஒரு கைப்பிடி மக்கிய எருவும் இடுதல் வேண்டும். சாய்ந்த செடியை உடனே நிமிர்த்திக் கட்டினால் அது பிழைக்கும். இரண்டு நாள் கழித்து நிமிர்த்தினால் தண்டு முறியும்.

பூக்களையும் நோக்குதல் வேண்டும். பூசணியும் பாகலும் விடியலில் மலர்வன. அவற்றுக்குத் தேனீ உதவும். பீர்க்கு, சுரை, புடல் ஆகியவை மாலையில் மலர்வன. அந்திப் பூச்சிகள் அவற்றை நாடும். மலரும் வேளையில் மழை பெய்தால் மகரந்தம் நனைந்து கெடும், பூச்சிகளும் வாரா. அந்நாட்களில் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவே மெல்லத் தடவினால் காய் பிடிக்கும். பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருப்பதைக் கொண்டு அதனை அடையாளம் காணலாம். சிறுவரும் எளிதில் செய்யக்கூடிய தொழில் இது.

முதல் மழையைக் கண்டு ஏமாறுதல் கூடாது. ஒரு நாள் மழையில் நிலம் முழுவதும் விதைத்துவிடுவோர் உளர். விதை முளைக்கும், பின் பத்து நாள் வெயில் அடிக்கும், முளை கருகும், விதையும் உழைப்பும் வீணாகும். "கோடை உழவு கோடி நன்மை" என்பது பழமொழி. சுருக்கிய தோட்டத்திற்கு வெளியே கிடக்கும் நிலத்தை அம்மழையில் கொத்திப் புரட்டிவிட்டால், மண்ணில் மறைந்துள்ள கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளாலும் அழியும். அடுத்த மழை எளிதில் உள்ளிறங்கும். அங்கே சணப்பையோ தட்டைப்பயறோ விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கிப் புதைத்தால் நல்ல உரமாகும்.

கூரைமேல் விழும் மழையையும் வீணாக்குதல் தகாது. 50 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,250 லிட்டர் நீர் விழும். சிதறுவது போக 1,000 லிட்டர் சேமித்தால், அரைச் சென்ட் தோட்டத்திற்குப் பத்து நாள் போதும். 2003 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. தொட்டியில் தங்கும் நீர் தோட்டத்தைக் காக்கும். நிலத்தில் இறங்கும் நீர் கிணற்றைக் காக்கும்.

பூச்சியும் நோயும்

வறண்ட வெயிலில் பெருகுவன சாறு உறிஞ்சும் பூச்சிகள். மிளகாயில் இலைப்பேனும், கத்தரியில் சிவப்புச் சிலந்திப்பேனும், வெண்டையில் வெள்ளை ஈயும் தோன்றும். வெள்ளை ஈ சாற்றை உறிஞ்சுவதோடு நில்லாமல், வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமல் என்னும் நச்சுயிரி நோயையும் பரப்பும். நோயுற்ற செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. பிடுங்கி அகற்றுதலே வழி. இந்நோயைத் தாங்குவதற்கென்று பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் 'அர்கா அனாமிகா' என்னும் வெண்டை வகையை உருவாக்கியுள்ளனர். தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு வரிசை சோளம் விதைத்தால் பூச்சிகளின் வரவு குறையும். காற்றுக்கும் அது தடுப்பாகும்.

வேப்பங்கொட்டைச் சாறு வீட்டிலேயே செய்யத்தக்க மருந்து. ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் பருப்பு என்னும் அளவில் இடித்து, துணியில் கட்டி இரவு முழுவதும் ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, சிறிது சவர்க்காரக் கரைசல் சேர்த்துத் தெளிப்பர். வெயிலில் அதன் வீரியம் விரைவில் குறைவதால் மாலையில் தெளிப்பதே முறை.

மழைக்குப்பின் வருவன வேறு வகைத் தொல்லைகள். நாற்றங்காலில் நாற்று அடியில் அழுகி மடியும். மேட்டுப் பாத்தியில் விதையை அடர்த்தியின்றித் தூவினால் இதனைத் தவிர்க்கலாம். கொடிக் காய்களில் பழ ஈ முட்டையிடும். காய் கோணலாகி அழுகி விழும். விழுந்த காயைப் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும். அங்கேயே விட்டுவிட்டால் அதனுள் இருக்கும் புழு மண்ணுக்குள் இறங்கி, அடுத்த தலைமுறை ஈயாக வெளிவரும்.

ஆடிப்பட்டத்தை நோக்கி

கோடைத் தோட்டம் இரண்டு நோக்கங்களை உடையது. அன்றன்று உணவு தருவது ஒன்று. வரும் பருவத்திற்கு விதையும் நாற்றும் ஆயத்தம் செய்வது மற்றொன்று. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது உழவர் மொழி. மிளகாய் நாற்றுக்கு 40 முதல் 45 நாட்களும், கத்தரி நாற்றுக்கு 30 முதல் 35 நாட்களும், தக்காளி நாற்றுக்கு ஏறத்தாழ 25 நாட்களும் தேவை. ஆடி தொடக்கத்தில் நடவேண்டுமாயின், மிளகாய் விதையை வைகாசி இறுதியிலும், மற்றவற்றை ஆனியிலும் நாற்றங்காலில் தூவுதல் வேண்டும். கோடையைத் தாங்கி நின்ற வெண்டையிலும் கொத்தவரையிலும் நன்கு காய்த்த செடி ஒன்றைப் பறிக்காமல் முற்றவிட்டு விதை எடுப்பது வழக்கம். அவ்வூர்க் கோடையைக் கடந்த செடியின் விதை அவ்வூருக்கே ஏற்ற விதையாகும்.

எல்லா ஆண்டுகளும் ஒன்றுபோல் அமைவதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது ஆண்டுப் பஞ்சம், சேலம் மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. அண்மையில் 2016 ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்தது. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய ஆண்டுகளில் வீட்டுத் தோட்டம் ஒன்றே பஞ்சத்தைத் தீர்த்துவிடும் என்று கூறுதல் மிகையாகும். எனினும், குளித்த நீரில் வளர்ந்த ஒரு பாத்திக் கீரை, ஒரு குழந்தையின் தட்டில் நாள்தோறும் பச்சை நிறம் குறையாமல் காக்க வல்லது. அச்சிறு உதவியும் அக்காலத்தில் பெரிதாகும்.

வானத்தை மாற்றுதல் மனிதரால் ஆகாது. ஆயினும், அரைச் சென்ட் மண்ணை மூடுதலும், ஒரு பானையைப் புதைத்தலும், ஒரு வாளி நீரை வீணாக்காமல் வேரடியில் சேர்த்தலும் எவராலும் ஆகும். இவற்றை நாள்தோறும் தவறாது செய்யும் இல்லத்தின் பொடக்காலியில், அக்கினி நட்சத்திர வெயிலிலும் வெண்டை பூக்கும். ஆடிக் காற்று வீசும்போது அங்கே நாற்றும் நடுதற்கு ஆயத்தமாய் நிற்கும்.